ஏபோத்தைக் கொண்டுவரச் சொல்ல ஒருவரும் இல்லை

தாவீது வயது சென்று, வஸ்திரங்களால் மூடப்பட்டும் அனல்கொள்ளாமல் படுக்கையில் கிடந்த நாட்களில், அவனுடைய சிங்காசனத்துக்காக எருசலேமில் எழுந்த போட்டியை 1 இராஜாக்கள் புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்கள் விவரிக்கின்றன. ஏறத்தாழ கி.மு. 970-ஐ ஒட்டிய காலம் அது. நம்முடைய சபைகளில் இந்தப் பகுதி பிரசங்கிக்கப்படும்போது, தாவீதின் குமாரரில் தன்னைத்தான் உயர்த்தின அதோனியா தாழ்த்தப்பட்டான், கர்த்தர் தெரிந்துகொண்ட சாலொமோன் உயர்த்தப்பட்டான் என்ற ஒரே செய்தியோடு பெரும்பாலும் ஜெபத்துக்குப் போய்விடுகிறோம். செய்தியில் தவறில்லை. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நாம் அனைவரும் சாலொமோனின் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறோம். அதோனியாவின் இடத்தில் நமக்கு ஒத்துவராத யாரோ ஒருவருடைய முகம் வந்துவிடுகிறது. இந்த அதிகாரங்களை நிதானமாக வாசிக்கையில் என்னை உறுத்துவது வேறொன்று. ஒரு ராஜ்யத்தின் வருங்காலத்தைத் தீர்மானிக்க அதோனியா கூட்டிய விருந்தில், இதைப்பற்றிக் கர்த்தர் என்ன சொல்லுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பதையே தன் ஊழியமாகக் கொண்டு வாழ்ந்த ஒருவன் அங்கே பந்தியில் உட்கார்ந்திருந்தும் கேட்கவில்லை.

முதலில் அதோனியாவுக்குச் சேரவேண்டிய நியாயத்தைச் செய்துவிடுவது நல்லது. இஸ்ரவேலில் அன்றைக்கு முடி யாருக்கு இறங்கும் என்பதற்கு வழக்கம் என்று சொல்லத்தக்க ஒன்று உருவாகியிருக்கவில்லை. முதல் ராஜாவாகிய சவுல் கில்போவா மலையில் மடிந்தபின், அவன் குமாரன் இஸ்போசேத்தைப் படைத்தலைவன் அப்னேர் மக்னாயீமுக்கு அழைத்துப்போய் ராஜாவாக்கினான். அந்த ஆட்சி இரண்டு வருஷத்தில் கொலையில் முடிந்தது. தாவீதோ எந்த ராஜாவுக்கும் மகனல்ல. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த, ஈசாயின் கடைசிப் பிள்ளை. கர்த்தர் தெரிந்துகொள்ளுகிறவனையே ராஜாவாக வைக்கவேண்டும் என்று உபாகமம் 17-ஆம் அதிகாரம் சொல்லுகிறது; அந்தத் தெரிவை எப்படி அறிவது என்று அது விளக்குவதில்லை. சொத்தில் மூத்த மகனுக்கு இரட்டிப்பான பங்கு என்று அதே புத்தகத்தின் 21-ஆம் அதிகாரம் சொல்லியிருப்பதால், ராஜ்யமும் மூத்தவனுக்கே என்று ஜனங்கள் நினைத்தது இயல்புதான். எபிரோனில் தாவீதுக்குப் பிறந்த ஆறு குமாரரில் மூத்தவனாகிய அம்னோனை அவன் தம்பி அப்சலோம் கொன்றான். தகப்பனுக்கு எதிராகக் கலகம் செய்த அப்சலோமைத் தாவீதின் படைத்தலைவன் யோவாப் கொன்றான். இடையில் பிறந்த கீலேயாபைப்பற்றிப் பிறப்புப் பட்டியலுக்கு வெளியே ஒரு வார்த்தையும் இல்லை. எஞ்சியவர்களில் மூத்தவன், ஆகீத்தின் மகனாகிய அதோனியா. பிற்பாடு அவன் சாலொமோனின் தாயாகிய பத்சேபாளிடத்தில், ராஜ்யம் என்னுடையதாயிருந்தது, இஸ்ரவேலர் எல்லாரும் என்னைத்தான் எதிர்பார்த்தார்கள் என்று சொல்லும்போது அவள் மறுத்துப் பேசவில்லை. சாலொமோனும் அவனைத் தன் தமையன் என்று ஒப்புக்கொண்டே பேசுகிறான். ஆக, வெறும் பதவிப்பித்தன் ஒருவன் திடீரென்று கிளம்பிய கதையாக இதைச் சுருக்கிவிட முடியாது. அவனுக்கு வயது இருந்தது, வழக்கத்தின் சாயல் இருந்தது, அழகிருந்தது, ஆள்பலம் இருந்தது. இல்லாதிருந்தது ஒரு வார்த்தை மட்டுமே.

இரண்டு பக்கங்களிலும் யார் யார் நின்றார்கள் என்று பார்த்தால் இன்னொன்றும் தெரியவருகிறது. அதோனியாவோடு சேர்ந்த யோவாபும் அபியத்தாரும் தாவீதின் மிகப் பழைய ஆட்கள்; சவுலுக்குப் பயந்து குகையிலும் வனாந்தரத்திலும் அவன் அலைந்த நாட்களையும் எபிரோன் நாட்களையும் அறிந்தவர்கள். அதோனியாவும் எபிரோனில் பிறந்தவன். எதிர்ப்பக்கத்தில் நின்ற தீர்க்கதரிசி நாத்தானும் பத்சேபாளும் வேதப்பதிவில் எருசலேம் காலத்தில்தான் முதன்முதலாக வருகிறார்கள். சாலொமோன் எருசலேமிலேயே பிறந்தவன். அரண்மனைக் காவலராகிய கிரேத்தியரும் பிலேத்தியரும், அவர்களுக்குத் தலைவனான யோய்தாவின் குமாரன் பெனாயாவும், ஆசாரியனாகிய சாதோக்கும் அந்தப் பக்கத்தில் இருந்தார்கள். கஷ்டகாலத்தில் கூட நின்றவர்களுக்கும், ராஜ்யம் நிலைபெற்றபின் முன்னுக்கு வந்தவர்களுக்கும் இடையே உள்ளூர ஒரு மனக்கசப்பு இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். வசனம் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஓலைக்கொட்டகையில் தொடங்கிய சபை, கட்டடமும் அறக்கட்டளையும் வந்தபின் எப்படி இரண்டு அணியாகப் பிரிகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த ஊகம் அந்நியமாகத் தோன்றாது.

அதோனியா தேர்ந்தெடுத்த இடம் இன்றோகேல். எருசலேமுக்குத் தெற்கே, கீதரோன் பள்ளத்தாக்கும் இன்னோம் பள்ளத்தாக்கும் கூடுமிடத்துக்கு அருகே இருந்த நீர்நிலை அது. யூதாவுக்கும் பென்யமீனுக்கும் எல்லைக்குறியாக யோசுவாவின் புத்தகத்தில் அதன் பெயர் வருகிறது. அங்கே சோகெலெத் என்னும் கல்லருகே ஆடுகளையும் மாடுகளையும் கொழுத்த ஜந்துக்களையும் அவன் அடிப்பித்தான். ராஜகுமாரராகிய தன் சகோதரர் எல்லாரையும், ராஜாவின் ஊழியக்காரராகிய யூதா மனுஷர் யாவரையும் அழைத்தான். அதற்கு முன்பே ரதங்களையும் குதிரைவீரரையும், தனக்கு முன் ஓட 50 சேவகரையும் அவன் ஏற்படுத்தியிருந்தான். இதே 50 பேரை இதே விதமாகத் தன் முன்னே ஓடவிட்டவன் அப்சலோம். ஆனால் எனக்கு ரதங்களைவிட விருந்தினர் பட்டியல்தான் அதிகமாகப் பேசுகிறது. நாத்தானை அழைக்கவில்லை, பெனாயாவை அழைக்கவில்லை, தாவீதின் பராக்கிரமசாலிகளை அழைக்கவில்லை; எல்லாச் சகோதரரையும் அழைத்தவன் சாலொமோனை மாத்திரம் அழைக்கவில்லை. ஒரு வீட்டு விசேஷத்துக்கு எல்லாத் தம்பிமாரையும் அழைத்து ஒருவனை மட்டும் விட்டுவிட்டால், அது மறதி என்று ஊரில் யாராவது நம்புவார்களா? கர்த்தர் சாலொமோனை நேசித்தார் என்பதும், நாத்தானே வந்து அந்தக் குழந்தைக்கு யெதிதியா என்று பேரிட்டான் என்பதும் அரண்மனைக்குள் வளர்ந்த அதோனியாவுக்குத் தெரியாதிருந்திருக்காது. தெரிந்திருந்ததால்தான் அந்த ஒரு பெயர் பட்டியலில் விடுபட்டது. இப்படிச் செய்யலாமா என்று கேட்கக்கூடியவர்கள் எவரோ அவர்களைக் கவனமாக நீக்கிவிட்டு, மீதியுள்ளவர்களின் ஆரவாரத்தை இஸ்ரவேலின் ஒருமித்த குரலாக அவன் எடுத்துக்கொண்டான்.

அந்தப் பந்தியில் ஆசாரியன் அபியத்தார் இருந்தான் என்பதே இந்த நிகழ்ச்சியில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. அவன் யார் என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கவேண்டும். நோப் பட்டணத்தில் சவுலின் கட்டளைப்படி ஏதோமியனாகிய தோவேக்கு 85 ஆசாரியரை வெட்டிப்போட்டபோது, அகிமெலேக்கின் குமாரரில் தப்பி ஓடிவந்தவன் இவன் ஒருவன்தான். ஓடிவந்தவன் வெறுங்கையாய் வரவில்லை. கர்த்தரிடத்தில் விசாரிக்கும்போது பயன்படுத்தும் ஆசாரிய உடையாகிய ஏபோத்தை எடுத்துக்கொண்டு வந்தான். அதன்பின் தாவீது கேகிலாவில் இருக்கையில், சவுல் தன்மேல் வருவானா, இந்த ஊரார் தன்னைப் பிடித்துக்கொடுப்பார்களா என்று அறிய, அபியத்தாரைக் கூப்பிட்டு ஏபோத்தைக் கொண்டுவரச் சொல்லித்தான் கர்த்தரிடத்தில் விசாரித்தான். இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்ற பதில் கிடைத்ததனால் ஏறக்குறைய 600 பேரோடு அங்கிருந்து புறப்பட்டுத் தப்பினான். சிக்லாக் எரிந்து, மனைவி பிள்ளைகள் சிறைப்பட்டுப்போய், கூட இருந்தவர்களே கல்லெறியலாம் என்று பேசிக்கொண்ட அந்த இருண்ட நாளிலும், தாவீது அபியத்தாரிடமே ஏபோத்தைக் கேட்டான். பின்தொடரலாமா என்று கர்த்தரைக் கேட்டான். கேட்ட பிறகே புறப்பட்டான். தாவீதின் வாழ்க்கையில் திசை தெரியாமல் நின்ற சந்தர்ப்பங்களில் கர்த்தரின் சித்தத்தை அறியும் வழியாக இருந்தது இந்த மனிதனின் கைகளே.

அந்தக் கைகள்தான் இன்றோகேலில் விருந்து உண்டன. அதோனியா யோவாபோடும் அபியத்தாரோடும் ஆலோசனை பண்ணினான் என்று வசனம் சொல்லுகிறது. ஆலோசனை நடந்தது, பலி நடந்தது, வாழ்த்து முழங்கியது. ஏபோத்தைக் கொண்டுவா என்று அதோனியா சொல்லவில்லை. நான் முதலில் விசாரித்துச் சொல்லுகிறேன் என்று அபியத்தாரும் சொல்லவில்லை. அவன் துரோகியாக வாழ்ந்தவன் அல்ல. அப்சலோம் கலகம் செய்தபோது சாதோக்கோடு சேர்ந்து உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்து வந்தவன். ராஜா சொன்னபடியே எருசலேமுக்குத் திரும்பி, உயிரைப் பணயம் வைத்து நகரத்துச் செய்திகளை வெளியே அனுப்பினவன். அவன் மகன் யோனத்தானும் சாதோக்கின் மகன் அகிமாசும் அந்தச் செய்திகளுக்காகக் காத்து நின்ற இடம் இதே இன்றோகேல்தான். ஒரு வேலைக்காரி நடந்துவந்து சொல்ல, அதைத் தாவீதுக்குக் கொண்டுபோகும் வழியில் பகூரிமில் ஒரு கிணற்றுக்குள் இறங்கி அவர்கள் ஒளிந்துகொண்டார்கள். வீட்டுக்காரி கிணற்றின்மேல் பாயை விரித்து நொய்யைப் பரப்பிவைத்து அவர்களைக் காப்பாற்றினாள். ராஜாவுக்கு உண்மையாயிருந்த குடும்பம், அந்த உண்மை விளங்கிய அதே தண்ணீர்த்துறையில், ராஜா உயிரோடிருக்கும்போதே அவனுக்குத் தெரியாமல் வேறொருவனை வாழ்த்திக்கொண்டிருந்தது.

விசுவாச வாழ்க்கையில் நீண்டகாலம் நிலைத்திருப்பவர்களுக்கு வரும் ஆபத்து இதுவென்றே நினைக்கிறேன். ஆரம்ப நாட்களில் ஒவ்வொரு அடியையும் கேட்டுக் கேட்டு வைக்கிறோம், ஏனெனில் நமக்கு ஒன்றும் தெரியாது. ஆண்டுகள் கடந்தபின், கர்த்தர் இப்படித்தான் நடத்துவார் என்று நாமே முடிவுகட்டும் அளவுக்குப் பழகிவிடுகிறோம். யோவாபைப்பற்றி இரண்டாம் அதிகாரம், அவன் அப்சலோமின் பட்சம் சாயாதவன், அதோனியாவின் பட்சமோ சாய்ந்தான் என்று குறிப்பிடுகிறது. பெரிய சோதனையில் நின்றவன் சிறியதில் விழுந்தான் என்று அதற்குப் பொருள்கொள்வதைவிட, அப்சலோமின் கலகம் கலகமாகவே தெரிந்தது, அதோனியாவின் விருந்தோ முறையான வாரிசுரிமைபோல் தெரிந்தது என்று வாசிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. தீமையாகத் தெரிவதைக் குறித்துக் கர்த்தரிடம் ஓடுகிறோம். நியாயமாகத் தெரிவதைக் குறித்துக் கேட்கத் தோன்றுவதே இல்லை.

தாவீதின் பங்கையும் மறைக்கமுடியாது. அதோனியாவின் தகப்பன், நீ இப்படிச் செய்வானேன் என்று ஒருக்காலும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை என்று வேதம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. பகைவரை எதிர்க்கும்போது ஏபோத்தைக் கேட்ட தாவீது, வீட்டுக்குள் கேள்வி கேட்கத் தயங்கினவன். தன் மகள் தாமாரை அம்னோன் பலவந்தம்பண்ணினதைக் கேட்டு மிகவும் கோபங்கொண்டான்; அதற்குமேல் அவன் செய்ததாக ஒன்றும் எழுதப்படவில்லை. அப்சலோமை எருசலேமுக்கு வரவிட்டு, இரண்டு வருஷம் தன் முகத்தைப் பார்க்கவிடாமல் வைத்திருந்தான், பேசித் தீர்க்கவில்லை. உரியாவைச் சாகும்படி செய்து அவன் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்ட விஷயத்துக்குப் பிறகு, பிள்ளைகளைக் கண்டிக்கும் தைரியம் அவனுக்கு இல்லாமற்போயிற்று என்று சிலர் விளக்கம் சொல்வதுண்டு, இருக்கலாம். காரணம் எதுவானாலும், சாலொமோனே வாரிசு என்ற தீர்மானம் தாவீதின் உள்ளத்திலும் பத்சேபாளுக்கு அவன் இட்ட ஆணையிலும் இருந்தது. அது எல்லாரும் அறியச் சொல்லப்படாமல் படுக்கையறைக்குள்ளேயே தங்கியிருந்த இடைவெளியில்தான் இன்றோகேல் சாத்தியமாயிற்று. உம்முடைய சிங்காசனத்தில் யார் வீற்றிருப்பார் என்று நீர் அறிவிக்கவேண்டுமென்று இஸ்ரவேலர் எல்லாருடைய கண்களும் உம்மை நோக்கிக்கொண்டிருக்கிறது என்று பத்சேபாள் அவனிடம் சொல்லவேண்டியதாயிற்று.

இங்கே நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டிய ஒரு கடினம் உண்டு. தாவீது பத்சேபாளுக்கு அப்படி ஆணையிட்டதாகச் சாமுவேலின் புத்தகங்களில் எங்கும் இல்லை. ஆகவே நாத்தானும் பத்சேபாளும் முதியவனின் தளர்ந்த ஞாபகத்தைப் பயன்படுத்தி, நடவாத ஒன்றை நடந்ததாக நம்பவைத்தார்கள் என்று வாதிடும் வேத அறிஞர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. அபிஷாக் என்னும் இளம்பெண்ணின் பணிவிடையில் கிடந்த தாவீது உடலில் தளர்ந்தவனே தவிர, அன்றைக்கு அவன் இட்ட கட்டளைகளைப் பார்த்தால் புத்தியில் தளர்ந்தவனாகத் தெரியவில்லை. யார் யார் போகவேண்டும், எந்த வாகனம், எந்த ஊற்று, எக்காளம் எப்போது, பிறகு எங்கே வந்து உட்காரவேண்டும் என்று வரிசையாகச் சொல்லுகிறான். 1 நாளாகமம் 22-ஆம் அதிகாரத்தில், சமாதான புருஷனாகிய ஒரு குமாரன் பிறப்பான், அவன் பேர் சாலொமோன் என்று கர்த்தர் தனக்குச் சொன்னதாகத் தாவீதே சாட்சி சொல்லுகிறான். எனினும், எதிர்க்கேள்வி கேட்பவர்களை அவிசுவாசிகள் என்று தள்ளிவிடாமல், அவர்கள் சுட்டிக்காட்டும் மௌனம் வேதத்தில் உண்மையாகவே இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு பேசுவதே நமக்கு அழகு.

நாத்தான் அந்த நாளில் நடந்துகொண்ட முறை என்னைக் கவர்கிறது. கர்த்தர் சாலொமோனைத் தெரிந்துகொண்டார், அவர் பார்த்துக்கொள்வார் என்று அவன் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. செய்தி கிடைத்ததும் பத்சேபாளிடம் போனான்; அவள் முதலில் உள்ளே போய்ப் பேசவேண்டும், அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே தான் வந்து அவள் வார்த்தைகளை உறுதிப்படுத்துவேன் என்று ஒழுங்கு செய்தான். ராஜாவின்முன் முகங்குப்புற விழுந்தபின் அவன் குற்றஞ்சாட்டிப் பேசவில்லை, கேள்வியாகவே கேட்டான். அதோனியா ராஜாவாவான் என்று நீர்தாம் சொன்னீரோ? எனக்குத் தெரிவிக்காமல் இது என் ஆண்டவனாலே நடந்ததோ? மகனை ஒருக்காலும் கேள்வி கேட்காத தகப்பனின் அறையில், கடைசியாக ஒருவன் கேள்வி கேட்டான். இதே நாத்தான், தாவீது ஆலயம் கட்ட விரும்பியபோது கர்த்தரைக் கேளாமலே, உம்முடைய இருதயத்தில் உள்ளபடியெல்லாம் செய்யும் என்று சொல்லிவிட்டு, அன்று ராத்திரியே கர்த்தரால் திருத்தப்பட்டு, மறுபடியும் வந்து தன் வார்த்தையை மாற்றிச் சொன்னவன். கேட்காமல் பேசிவிட்டால் என்னவாகும் என்று அறிந்த தீர்க்கதரிசி அவன். அன்றைய அவசரத்தில் அவனும் புதிதாய் ஒரு வெளிப்பாட்டை நாடியதாக எழுதியில்லை. ஏற்கெனவே சொல்லப்பட்ட வார்த்தையின்மேல் நின்று, அதைச் சொல்லவேண்டியவனின் வாயிலிருந்தே வரவழைத்தான். அரசியல் சூழ்ச்சி என்று இதைச் சிலர் சொல்வார்கள். கர்த்தருடைய வார்த்தைக்கு ஆபத்து வரும்போது சரியான கதவை, சரியான நேரத்தில், சரியான ஆளைக்கொண்டு தட்டுவது விசுவாசக்குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன்பின் காரியம் வேகமாக நடந்தது. தாவீதின் சொந்தக் கோவேறு கழுதையின்மேல் சாலொமோனை ஏற்றி, நகரின் கிழக்குச் சரிவிலுள்ள கீகோன் ஊற்றுக்கு இறக்கிக்கொண்டு போனார்கள், சாதோக் கூடாரத்திலிருந்து தைலக்கொம்பை எடுத்துவந்து அபிஷேகம்பண்ணினான், எக்காளம் ஊதப்பட்டது, பூமி அதிரத்தக்கதாக ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். இன்றோகேலுக்கும் கீகோனுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் தூரம்கூட இராது, ஒரே பள்ளத்தாக்கு. அங்கே ரதமும் குதிரையும், இங்கே கோவேறு கழுதை. இந்தப் பகுதியில் சாலொமோனைக் குறித்த வினைச்சொற்களைக் கவனித்துப் பாருங்கள்: அவனை ஏற்றினார்கள், நடத்தினார்கள், அபிஷேகம்பண்ணினார்கள், வாழ்த்தினார்கள். ஐம்பது வசனங்கள் கடந்து, அதிகாரம் முடியப்போகும் இடத்தில்தான் அவன் முதன்முதலாக வாய்திறக்கிறான். அதுவும் பலிபீடத்தின் கொம்புகளைப் பிடித்துக்கொண்டு நடுங்கிய தன் தமையனைக் குறித்து, அவன் யோக்கியனாயிருந்தால் அவன் தலைமயிரில் ஒன்றும் தரையிலே விழாது என்று சொல்வதற்காக. நான் ராஜா ஆவேன் என்ற அதோனியாவின் குரலோடு தொடங்கிய அதிகாரம் அது.

எக்காளச் சத்தம் விருந்தில் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் கேட்டது. யோனத்தான் ஓடிவந்தான், நற்செய்தி கொண்டுவருகிறாய் என்று அதோனியா அவனை வரவேற்றான், முழு விவரத்தையும் அவன் சொன்னதும் விருந்தாளிகள் எல்லாரும் அதிர்ந்து எழுந்து, அவரவர் தங்கள் வழியே போய்விட்டார்கள். அவர்களில் ஒருவனும் அதோனியாவோடு பலிபீடம் வரைக்கும் கூடப் போனதாக எழுதியில்லை.

இது எருசலேமின் கதை. இதை நம் சபைகளுக்குள் கொண்டுவரும்போது, இன்னாரை அதோனியா என்றும் இன்னாரைச் சாலொமோன் என்றும் பெயர் சூட்டும் வேலையை விட்டுவிடவேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். சேகரக் கமிட்டித் தேர்தலானாலும், ஸ்தாபக போதகர் மறைந்தபின் அடுத்த போதகர் மகனா மருமகனா உதவி ஊழியரா என்று எழும் பிரச்சினையானாலும், இரு தரப்பாரும் தங்களைச் சாலொமோன் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். இரு தரப்பிலும் ஆசாரியர் உண்டு, இரு தரப்பிலும் பலி உண்டு. வித்தியாசத்தை அறிய வேறு கேள்விகள் தேவைப்படுகின்றன. தீர்மானம் எழுதப்பட்டபின் உபவாச ஜெபம் அறிவிக்கப்பட்டதா, உபவாச ஜெபத்துக்குப்பின் தீர்மானம் எழுதப்பட்டதா? கூட்டத்துக்கு அழைப்பு யாருக்குப் போகவில்லை? வயதான போதகர் தமக்குப்பின் யார் என்பதைத் தெளிவாகச் சொல்லும் பலத்தோடு இருக்கும்போதே சொன்னாரா, அல்லது மனவருத்தம் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே போனாரா? இந்த மூன்றாவது கேள்வியைச் சபையார் மூப்பர்களிடத்தில் கேட்பதே மரியாதைக்குறைவு என்று நம்மிடையே ஓர் எண்ணம் இருக்கிறது. பத்சேபாள் ராஜாவை வணங்கித்தான் கேட்டாள். நாத்தானும் முகங்குப்புற விழுந்துதான் கேட்டான். மரியாதையும் கேள்வியும் ஒன்றாக நிற்கமுடியும்.

இரண்டாம் அதிகாரம் பலருக்கும் சங்கடமானது. தாவீது இறந்தபின், அதோனியா அபிஷாகைத் தனக்கு மனைவியாகத் தரும்படி பத்சேபாள் மூலமாகக் கேட்கிறான். ராஜ்யம் சாலொமோனுக்குக் கர்த்தரால் கிடைத்தது என்று தன் வாயாலேயே அறிக்கையிட்டுவிட்டு, அடுத்த மூச்சில் ராஜாவின் கடைசிப் பணிவிடைக்காரியைக் கேட்கிறான். முந்தின ராஜாவின் ஸ்திரீயைக் கேட்பது ராஜ்யத்தின்மேல் கைவைப்பதாக எண்ணப்பட்ட காலம் அது. அன்றைக்கே பெனாயாவின் கையால் அவன் செத்தான். அதன்பின் யோவாப் பலிபீடத்தண்டையிலேயே வெட்டப்பட்டான். அவன் கொன்ற அப்னேர், அமாசா என்னும் படைத்தலைவர் இருவரின் இரத்தப்பழி அவன்மேல் இருந்தது. எருசலேமை விட்டு வெளியே போகக்கூடாது என்ற கட்டளையை, முன்பு தாவீதைத் தூஷித்த சீமேயி மீறி, ஓடிப்போன இரண்டு அடிமைகளைத் தேடிக் காத் என்னும் பெலிஸ்தரின் பட்டணத்துக்குப் போய்வந்து உயிரிழந்தான். இவற்றையெல்லாம் நீதியின் வெற்றி என்று கொண்டாடும் பிரசங்கங்கள் எனக்கு உவப்பானவை அல்ல. யோவாபின் குற்றம் மெய்யானதுதான்; ஆனால் கர்த்தர் தெரிந்துகொண்டவன் என்பதனாலேயே அவன் செய்த எல்லாமும் கர்த்தருடைய செயலாகிவிடாது, வேதமும் அப்படிச் சொல்லவில்லை. ராஜ்யபாரம் சாலொமோனின் கையில் ஸ்திரப்பட்டது என்று மட்டும் எழுதி, தீர்ப்புச் சொல்லாமல் அது நகர்கிறது.

அபியத்தார் கொல்லப்படவில்லை. நீ மரணத்துக்குப் பாத்திரவான், ஆனாலும் என் தகப்பனுக்கு முன்பாகக் கர்த்தருடைய பெட்டியைச் சுமந்ததனாலும், அவர் அனுபவித்த உபத்திரவத்தையெல்லாம் நீயும் அனுபவித்ததனாலும் உன்னைக் கொல்லமாட்டேன் என்று சொல்லி, ஆனதோத்திலிருந்த அவனுடைய நிலங்களுக்குச் சாலொமோன் அவனை அனுப்பிவிட்டான். பழைய உழைப்பு மறக்கப்படவில்லை. ஊழியம் மாத்திரம் போய்விட்டது. சீலோவில் அவனுடைய முன்னோனாகிய ஆசாரியன் ஏலியின் வீட்டாரைக் குறித்துக் கர்த்தர் சொன்ன வார்த்தை இப்படி நிறைவேறிற்று என்று வசனம் சேர்த்துச் சொல்லுகிறது.

அடுத்த அதிகாரத்தில், கிபியோனிலே கர்த்தர் ராத்திரியில் சொப்பனத்தில் சாலொமோனுக்குத் தரிசனமாகி, நீ விரும்புகிறதை என்னிடத்தில் கேள் என்கிறார். போக்கு வரவு அறியாத சிறுபிள்ளையாயிருக்கிறேன் என்று சொல்லி அவன் கேட்டதும், பெற்றதும் நாமெல்லாரும் அறிந்ததே. அவனும் முதுமையில் கேட்பதை விட்டுவிட்டான். அவன் மகன் ரெகொபெயாம் சீகேமில் முடிசூட வந்தபோது, ஜனங்கள் தங்கள் நுகத்தை இலகுவாக்கும்படி கேட்டார்கள். அவன் மூன்று நாள் தவணை எடுத்துக்கொண்டு முதியோரிடத்தில் ஆலோசனை கேட்டான், தன்னோடு வளர்ந்த வாலிபரிடத்திலும் கேட்டான். மூன்று நாளில் கர்த்தரிடத்தில் கேட்க நேரமில்லை. பத்துக் கோத்திரங்கள் பிரிந்துபோயின. இழந்ததை மீட்க யூதாவிலும் பென்யமீனிலும் 1,80,000 வீரரை அவன் திரட்டி யுத்தத்துக்கு நின்றபோது, தேவனுடைய மனுஷனாகிய செமாயா வந்து, உங்கள் சகோதரரோடே யுத்தம்பண்ணாதிருங்கள், இது என்னாலே ஆயிற்று என்று கர்த்தர் சொல்லுகிறார் என்றான். அவர்கள் கேட்டார்கள், வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். பின்னாளில் ரெகொபெயாமுக்கும், பிரிந்துபோன கோத்திரங்களின் ராஜாவாகிய யெரொபெயாமுக்கும் யுத்தம் நடந்துகொண்டே இருந்தது என்பது உண்மைதான். ஆயினும், கூடின படையைக் கலைக்கும் அளவுக்கு ஒரு வார்த்தைக்கு அவன் அன்று செவிகொடுத்தான். இன்றோகேலில் கூடின ராஜகுமாரர் எவரும் அப்படிப்பட்ட ஒரு வார்த்தையைக் கேட்கும்படி நாத்தானை அழைத்திருக்கவில்லை.